குழாயின் மறுமுனையிலிருந்து ஒரு மதிப்புரை: நகரக் கழிவுநீர்ச் சேவை

நகரங்கள் தம் மக்களுக்கு வழங்கும் சேவைகளில், பயன்படுத்துவோர் எவரும் கருத்து எழுதாத சேவை கழிவுநீர் அகற்றல்தான். குடிநீர் கலங்கி வந்தால் முறையிடுகிறோம். மின்சாரம் நின்றால் உடனே தொலைபேசியை எடுக்கிறோம். கழிப்பறையில் ஊற்றிய நீர் எங்கே போகிறது என்ற கேள்வி மட்டும், அது திரும்பி மேலே வராத வரையில், எழுவதே இல்லை. எந்த ஒரு நகர நிர்வாகத்தையும் இங்கே எடைபோடவில்லை. உலகின் பல பகுதிகளிலும் ஏறத்தாழ ஒரே வடிவில் நடந்துவரும் இந்தச் சேவையின் மூன்று உறுப்புகளான சேகரிப்பு, சுத்திகரிப்பு, இறுதி வெளியேற்றம் ஆகியவற்றைத் தனித்தனியே பார்த்து மதிப்பெண் போடுவதே நோக்கம். இவை மூன்றும் ஒரே தரத்தில் இல்லை என்பதும், பயனாளியின் கண்ணில் படுவது முதல் உறுப்பு மட்டுமே என்பதும்தான் இதில் உள்ள சிக்கல்.

அந்தச் சிக்கல் எவ்வளவு பெரியது என்பதற்குச் செல்வச் செழிப்புள்ள நகரங்களே சாட்சி. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாகத் தலைநகரான பிரஸ்ஸல்ஸ் 2000ஆம் ஆண்டு வரை தன் கழிவுநீரைச் சுத்திகரிக்காமலே, நகருக்குள் ஓடும் சென் (Senne) ஆற்றில் விட்டுக்கொண்டிருந்தது. நகரின் பெரும்பகுதிக்கான இரண்டாவது நிலையம் 2007இல்தான் இயங்கத் தொடங்கியது. இத்தாலியின் மிலான் நகருக்கு முதல் பெரிய சுத்திகரிப்பு நிலையம் கிடைத்தது 2003 வாக்கில். கனடாவின் விக்டோரியா நகரம் 2020 வரை சல்லடையில் வடித்ததோடு நிறுத்திக்கொண்டு, மிச்சத்தைக் கடலடிக் குழாய் வழியாக அனுப்பிவந்தது. இந்த மூன்று நகரங்களிலும் அந்த நாட்களில் எந்த வீட்டுக் கழிப்பறையும் வேலை செய்யாமல் போகவில்லை. குடியிருப்போரிடம் கருத்துக் கேட்டிருந்தால் அனைவரும் முழு மதிப்பெண் தந்திருப்பார்கள். ஆகவே இந்தச் சேவையை வீட்டு முனையில் நின்று மதிப்பிடுவதில் பயனில்லை. குழாய் முடிகிற இடத்திலிருந்து பின்னோக்கி வர வேண்டும். ஆனாலும் வாசகருக்குப் பழக்கமான முனை வீட்டு முனைதான் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சேகரிப்பு என்ற முதல் உறுப்புக்குத் தாராளமாக மதிப்பெண் தரலாம். மொகஞ்சதாரோவில் நாலாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே செங்கல் வடிகால்கள் வீடுகளிலிருந்து தெருவுக்கு மூடிய நிலையில் ஓடின என்றாலும், இன்று நாம் பயன்படுத்தும் பாதாளச் சாக்கடையின் நேர் முன்னோடி பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டன்தான். 1858 கோடையில் தேம்ஸ் ஆற்றின் நாற்றம் தாங்காமல் நாடாளுமன்றத்தின் சன்னல் திரைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட வேண்டியிருந்தது; அதன் பிறகே பொறியாளர் ஜோசப் பசல்ஜெட்டின் திட்டத்துக்குச் சட்டமும் பணமும் கிடைத்தன. ஆற்றுக்கு இணையாகப் பெருங்குழாய்களை அமைத்து, ஆற்றில் விழவிருந்த சாக்கடைகளையெல்லாம் வழிமறித்து, நகருக்குக் கிழக்கே கொண்டுபோய்விடுவது அந்தத் திட்டம். காலரா அந்த நகரை விட்டுப் போனதில் இந்தக் குழாய்களுக்குப் பெரும்பங்கு உண்டு. 2007இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் தன் வாசகர்களிடம் 1840க்குப் பிந்தைய மிகப் பெரிய மருத்துவ முன்னேற்றம் எது என்று கேட்டபோது, நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளையும் மயக்க மருந்தையும் பின்னுக்குத் தள்ளி அவர்கள் தேர்ந்தெடுத்தது தூய நீரையும் கழிவுநீர் அகற்றலையும்தான்.

இதன் பொறியியலில் ஆடம்பரம் எதுவும் இல்லை என்பதே எனக்குப் பிடித்த அம்சம். கழிவுநீரில் ஏறத்தாழ 99.9 விழுக்காடு வெறும் நீர். திடப்பொருள் ஆயிரத்தில் ஒரு பங்குதான். அந்த ஒரு பங்கை வழியில் தங்கவிடாமல் நகர்த்திச் செல்வதற்காகவே குழாயின் சரிவு கணக்கிடப்படுகிறது. நொடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் வேகம் நாளில் ஒரு முறையாவது கிடைத்தால் மணலும் கசடும் படியாமல் அடித்துச் செல்லப்படும். பழைய பெருங்குழாய்களை முட்டை வடிவில், கூரிய முனை கீழே இருக்கும்படி கட்டியதும் இதே காரணத்தால்தான்: நீர் குறைவாக ஓடும் இரவு நேரத்திலும் குறுகிய அடிப்பகுதியில் வேகம் குறையாது. தாழ்வான பகுதிகளில் மட்டும் உந்து நிலையங்கள் நீரை மேலேற்றி மீண்டும் சரிவில் விடுகின்றன. மின்சாரம் இல்லாமல், ஆள் இல்லாமல், மனித வாழ்நாளைத் தாண்டி உழைக்கும் நகரச் சேவை வேறொன்றை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

குறைகளும் உண்டு. குழாய்க்குள் ஆக்சிஜன் தீர்ந்துபோனால் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்குகின்றன. அது குழாயின் மேல்வளைவில் உள்ள ஈரத்தில் கந்தக அமிலமாக மாறிக் கான்கிரீட்டை உள்ளிருந்தே தின்கிறது. சாலை திடீரென்று உள்வாங்கும் சம்பவங்களில் சிலவற்றுக்கு இதுவே காரணம். அந்த வாயு மனிதருக்குச் செய்வது இன்னும் கொடியது. காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அளவை எட்டும்போது மூக்கு அதை உணரும் திறனை இழக்கிறது; அதாவது எச்சரிக்கும் நாற்றமே மறைந்துவிடுகிறது. ஆயிரம் பங்கை நெருங்கினால் ஓரிரு மூச்சில் ஆள் சரிந்துவிடுவார். அடைப்பெடுக்க உயர் அழுத்த நீர்பாய்ச்சும் வண்டிகளும், உறிஞ்சும் வண்டிகளும், குழாய்க்குள் ஊர்ந்து செல்லும் ஒளிப்படக் கருவிகளும் சந்தையில் நெடுங்காலமாகக் கிடைக்கும் நிலையில், மேன்ஹோலுக்குள் மனிதரை இறக்கி நடத்தப்படும் எந்தக் கழிவுநீர்ச் சேவையும், அதன் மற்றச் சிறப்புகள் எவையாயினும், என் கணக்கில் தேர்ச்சி பெறாது. இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

பயனாளிகளான நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2017இல் லண்டனின் வைட்சாப்பல் பகுதியில் சாக்கடைக்குள் 250 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 130 டன் எடையும் கொண்ட கொழுப்புக் கட்டி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. சமையல் எண்ணெய் குளிர்ந்து உறைய, அதில் ஈரத்துடைப்புத் தாள்களும் அணையாடைகளும் சிக்கிப் பாறையாக இறுகியிருந்தன. கழிப்பறையில் போடத்தக்கது என்று உறையில் அச்சிட்டு விற்கப்படும் துடைப்புத் தாள்களில் பல, காகிதத்தைப் போல நீரில் கரைவதில்லை. சேவையைக் குறைசொல்லும் முன் நாம் அதற்குள் போடுவதைக் கொஞ்சம் பார்த்துக்கொள்வது நல்லது.

சேகரிப்பில் என்னை உண்மையில் உறுத்துவது வேறு. பழைய நகரங்கள் பலவற்றில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடுகின்றன. கனமழையில் குழாய் நிரம்பி வழிந்தால் வீடுகளுக்குள் புகுந்துவிடுமே என்பதற்காக, உபரியை நேரே ஆற்றில் விடும் வழிகள் திட்டமிட்டே அமைக்கப்பட்டுள்ளன. அதாவது, மழை நாளில் சுத்திகரிப்பு இல்லை என்பது விபத்தன்று. அந்தச் சேவையின் வடிவமைப்பே அதுதான். சிகாகோ இந்தக் குறையைச் சரிசெய்ய 1975இல் ஆழ்நிலைச் சுரங்கங்களைத் தோண்டத் தொடங்கியது. அந்தத் திட்டத்தின் நீர்த்தேக்கப் பணிகள் அரை நூற்றாண்டு ஆகியும் முற்றிலும் முடிந்தபாடில்லை. லண்டனும் பசல்ஜெட்டின் குழாய்களுக்குத் துணையாக 25 கிலோமீட்டர் நீளச் சுரங்கத்தைக் கட்டி 2025இல் முழுமையாக இணைத்தது. மழைநீருக்குத் தனிக்குழாய் என்ற மாற்று வடிவத்தை அமெரிக்காவின் மெம்பிஸ் நகரம் 1880லேயே செய்து காட்டியது. புதிதாகக் கட்டப்படும் பகுதிகளுக்கு இன்று அதுவே முறை என்றாலும், மழைநீர் வடிகாலில் திருட்டுத்தனமாகச் சேர்க்கப்படும் வீட்டு இணைப்புகள் அதன் பயனைக் கெடுத்துவிடுகின்றன. அவற்றைத் தேடிப்பிடிக்கும் வேலை சலிப்பூட்டுவது, நன்றி கிடைக்காதது. அதனாலேயே பல நகரங்களில் செய்யப்படாமல் கிடக்கிறது.

இரண்டாவது உறுப்பான சுத்திகரிப்பு, அறிவியல் நோக்கில் இந்தச் சேவையின் மிக அழகிய பகுதி. நிலையத்துக்குள் நுழையும் நீர் முதலில் கம்பிச் சல்லடையைக் கடந்து, மணல் படியும் தொட்டியில் நிதானித்து, பின் முதல்நிலைப் படிவுத் தொட்டியில் கனமானவற்றை இறக்கிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருப்பவற்றை என்ன செய்வது என்பதே கடினமான கேள்வி. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் எட்வர்ட் ஆர்டர்ன், வில்லியம் லாக்கெட் என்ற இருவர் 1914இல் அதற்கு விடை கண்டனர். கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்தினால் அது தூய்மையாகும் என்பது முன்பே தெரிந்திருந்தது, ஆனால் அதற்கு வாரக்கணக்கில் ஆனது. இவர்கள் செய்த புதுமை, அடியில் படிந்த கசடை வெளியே கொட்டாமல் வைத்துக்கொண்டு அதன் மேலேயே அடுத்த கழிவுநீரை ஊற்றியது. ஒவ்வொரு முறையும் கசடில் நுண்ணுயிர்கள் பெருகிப் பெருகி, ஐந்து வாரம் எடுத்த வேலை ஒரு நாளுக்குள் முடியும் நிலை வந்தது. செயல்மிகு கசடு முறை என்று இன்று அறியப்படுவது இதுதான். நூறாண்டுகளுக்குப் பிறகும் உலகின் பெருநகரங்களில் மிகப் பரவலாக உள்ள முறை இதுவே. காற்றூட்டும் தொட்டியில் நீர் தங்கும் நேரம் மட்டும் சில மணிகளாகக் குறைந்துள்ளது.

நன்றாக நடத்தப்படும் நிலையத்திலிருந்து வெளிவரும் நீர் தெளிவாக இருக்கும், நாற்றம் இராது. இதில் ‘நன்றாக நடத்தப்படும்’ என்ற நிபந்தனைதான் எல்லாம். காற்றூட்டும் தொட்டியில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் ஆக்சிஜன் கரைந்திருக்க வேண்டும்; அதற்கான ஊதுவிசைகளே நிலையத்தின் மின் செலவில் ஏறத்தாழப் பாதியை விழுங்குகின்றன. செலவைக் குறைக்க நினைக்கும் நிர்வாகம் முதலில் கைவைப்பது அங்கேதான். ஊதுவிசையை நிறுத்தினால் வெளியே எவருக்கும் உடனே தெரியாது. உள்ளே உயிர்களுக்குத் தெரியும். குழாயைப் போல் இது தானே உழைக்கும் பொருளன்று. பட்டினி போட்டால் செத்துவிடும் உயிர்த்திரள். கட்டி முடித்துத் திறப்புவிழா நடத்திய சில ஆண்டுகளில் நிலையங்கள் பெயரளவில் இயங்குவதற்கு, வடிவமைப்புப் பிழையைவிட இந்த அன்றாடச் செலவின் மீதான அலட்சியமே பெரும்பாலும் காரணம்.

தரத்தை அளக்கும் முறையைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. இங்கிலாந்தின் அரச ஆணையம் 1912இல் வெளியேறும் நீரில் மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 30 மில்லிகிராமும், உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (அதாவது, நீரில் எஞ்சிய அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்) 20 மில்லிகிராமும் மிகக்கூடாது என்று பரிந்துரைத்தது. உலகின் பல நாடுகள் தம் விதிகளை இந்த எண்களை ஒட்டியே எழுதிக்கொண்டன. கவனிக்க வேண்டியது என்னவெனில், அந்த எண்கள் கழிவுநீரைக் குறைந்தது எட்டு மடங்கு தூய ஆற்றுநீர் ஏற்றுக்கொள்ளும் என்ற நிபந்தனையோடு தரப்பட்டவை. ஆண்டில் பல மாதங்கள் வறண்டு, ஓடுவதே சுத்திகரிப்பு நிலையம் விட்ட நீர்தான் என்ற நிலையில் உள்ள ஆறுகளுக்கு அந்த எண்ணைப் பொருத்துவது, எண்ணை எடுத்துக்கொண்டு நிபந்தனையை விட்டுவிடுவதாகும். மேலும், ஆக்சிஜன் தேவைச் சோதனை முடிய ஐந்து நாட்கள் ஆகும். அறிக்கை கைக்கு வரும்போது அந்த நீர் ஆற்றைக் கடந்து போயிருக்கும். சில மணி நேரத்தில் முடிவு தரும் வேதி ஆக்சிஜன் தேவைச் சோதனையும், தொட்டியிலேயே பொருத்தும் உணரிகளும் வந்த பிறகும் ஐந்து நாள் எண்ணையே முதன்மையாக நம்பியிருப்பது ஒரு பழக்க தோஷம்.

அந்த எண்ணுக்குள் அடங்காதவை இன்னும் பல. சிறுநீரிலிருந்து வரும் நைட்ரஜனும் பாஸ்பரசும் நீக்கப்படாவிட்டால், தெளிவான நீரே ஏரியில் பாசியை வளர்த்து மீன்களை மூச்சுத்திணற வைக்கும். நாம் உட்கொள்ளும் மருந்துகளில் ஒரு பகுதி உடலைக் கடந்து, நிலையத்தையும் கடந்து ஆற்றுக்குப் போகிறது. இதற்காக ஓசோன், வேதிப்பொருள்களை ஈர்த்துப் பிடிக்கும் செயல்மிகு கரி ஆகியவற்றைக் கொண்டு மேலும் ஒரு கட்டச் சுத்திகரிப்பைச் சேர்க்க சுவிட்சர்லாந்து 2016இல் விதி கொண்டுவந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டு நெறிமுறை, அந்தக் கூடுதல் செலவில் குறைந்தது 80 விழுக்காட்டை மருந்து, அழகுப்பொருள் தயாரிப்பாளர்களே ஏற்க வேண்டும் என்கிறது. செலவை உரியவரிடம் கொண்டு சேர்க்கும் இந்த ஏற்பாடு நிலைத்தால், சுத்திகரிப்புக்கு நான் தரும் மதிப்பெண் உயரும்.

காற்றூட்டாமலே இயங்கும் முறைகளும் உள்ளன. கழிவுநீரை நாட்கணக்கில் தேக்கிவைக்கும் ஓய்வுக் குளங்களில் வெயிலும் பாசியும் வேலையைச் செய்கின்றன. இடம் மட்டும் நிறைய வேண்டும். கிழக்குக் கொல்கத்தாவின் சதுப்பு நிலங்களில் நகரக் கழிவுநீர் மீன் வளர்ப்புக் குளங்கள் வழியாகத் தூய்மையடைவது உலகறிந்த எடுத்துக்காட்டு. எந்த இயந்திரமும் இதற்கு நிகரான செலவில் இந்த வேலையைச் செய்யாது, ஆனால் மனை விலை ஏறும் நகரில் அந்த நிலத்தைக் காப்பதே தனிப் போராட்டம்.

இனி மூன்றாவது உறுப்பு. இங்கேதான் சேவை மிகவும் தடுமாறுகிறது. நீரைத் தூய்மையாக்கினோம் என்றால் அழுக்கு எங்கோ சேர்ந்திருக்க வேண்டும்; அதுவே கசடு. நகரம் பெருகப் பெருக, சுத்திகரிப்பு சிறக்கச் சிறக்க, கசடும் கூடும். லண்டன் 1887 முதல் தன் கசடைக் கப்பலில் ஏற்றிக் கடலில் கொட்டியது. சட்டப்படி அது நின்றது 1998இல். நியூயார்க் 1992 வரை இதையே செய்தது. சுத்திகரித்தோம் என்று பெயர் வாங்கிய இரு பெருநகரங்கள், சேர்த்த அழுக்கைப் பல பத்தாண்டுகள் வேறோர் இடத்தில் கொட்டிவந்தன என்பதை நினைவில் வைத்துக்கொண்டே எந்த நிலையத்தின் பெருமைப் பலகையையும் படிக்க வேண்டும்.

கசடைக் காற்றில்லாத மூடிய கலன்களில் செரிக்க விட்டால் அதன் அளவு குறைவதோடு, ஐந்தில் மூன்று பங்குக்கும் மேல் மீத்தேன் கொண்ட எரிவாயு கிடைக்கிறது. நிலையத்தின் மின் தேவையில் கணிசமான பகுதியை அதிலிருந்தே எடுக்கலாம். எஞ்சியதை உரமாக்கலாம். அமெரிக்காவின் மில்வாக்கி நகரம் தன் கழிவுநீரில் வளர்ந்த நுண்ணுயிர்க் கசடை உலர்த்தி, மிலார்கனைட் என்ற பெயரில் 1926 முதல் மூட்டை கட்டி விற்றுவருகிறது. ஒரு கழிவுநீர் நிலையம் தன் இறுதிப் பொருளுக்குப் பெயர் வைத்துச் சந்தைக்கு அனுப்புகிற துணிவை நான் பாராட்டுவேன். வாங்குபவர் கேள்வி கேட்பார் என்பதால் தரமும் கவனிக்கப்படும். ஆயினும் தொழிற்சாலைக் கழிவு அதே குழாயில் கலக்கும் இடங்களில் கன உலோகங்களும், எளிதில் சிதையாத புளோரின் வேதிப்பொருள்களும் கசடில் சேர்ந்து வயலுக்குப் போகின்றன. அமெரிக்காவின் மெய்ன் மாநிலம் 2022இல் கசடை நிலத்தில் இடுவதையே தடைசெய்தது இந்தப் புளோரின் வேதிப்பொருள்களால்தான். எனவே இறுதி வெளியேற்றத்தின் தரம், தொழிற்சாலைகளை முதல் உறுப்பிலேயே கட்டுப்படுத்துகிறார்களா என்பதைப் பொறுத்தது. குழாயின் தொடக்கத்தில் காட்டிய இரக்கத்துக்கு, முடிவில் வயல்கள் விலை கொடுக்கின்றன.

சுத்திகரித்த நீரைத் திரும்பப் பயன்படுத்துவதில் முன்னோடிகள் உண்டு. நமீபியாவின் விண்ட்ஹுக் 1968 முதல் கழிவுநீரிலிருந்து நேரடியாகக் குடிநீரே தயாரிக்கிறது. சிங்கப்பூர் 2003 முதல் சவ்வு வடிகட்டல் வழியே மிகத் தூய நீராக்கி, பெரும்பகுதியைத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கிறது. தண்ணீர்த் தட்டுப்பாடு கடுமையாக இருந்த இடங்களே இவற்றைச் செய்தன என்பதைத் தவிர இங்கே கூற வேறில்லை.

குழாய் எட்டாத வீடுகளுக்கான சேவையை, செப்டிக் டேங்கும் அதை உறிஞ்சியெடுக்கும் லாரியும் சேர்ந்த அந்த ஏற்பாட்டை, தனியாகவே மதிப்பிட வேண்டும். முறையாகக் கட்டிய தொட்டி இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை காலிசெய்யப்பட்டால் நல்ல அடிப்படைச் சுத்திகரிப்பைத் தரும். நடப்பில், தொட்டி என்ற பெயரில் அடித்தளம் பூசாத குழிகளும், நிரம்பி வழியும் வரை அழைக்கப்படாத லாரிகளும் மிகுதி. வந்த லாரி ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்துப் போய்விடும். வீட்டுக்காரரைப் பொறுத்தவரை சேவை சிறப்பு. அந்த லாரி எங்கே காலியாகிறது? மலக்கசடு சாதாரணக் கழிவுநீரைவிடப் பன்மடங்கு அடர்த்தியானது. சில லாரிகள் கேட்பாரின்றி மேன்ஹோலில் கொட்டிவிட்டால் சிறிய நிலையத்தின் நுண்ணுயிர்த்திரள் நிலைகுலைந்துவிடும். ஓடையில் கொட்டினால் அதைச் சொல்லவே வேண்டாம். ஆனால் இதற்கெனத் தனிச் சுத்திகரிப்பு நிலையமும், ஒவ்வொரு நடைக்கும் இறக்கிய இடத்தின் ரசீதும் இருக்கும் ஊரில், இந்த ஏற்பாடு பாதாளச் சாக்கடைக்கு இளைத்ததன்று. ஆற்றில் முடியும் குழாயைவிட, நிலையத்தில் முடியும் லாரி மேலானது.

ஐக்கிய நாடுகள் அவையின் கணிப்புப்படி 2020இல் உலகின் வீட்டுக் கழிவுநீரில் பாதுகாப்பாகச் சுத்திகரிக்கப்பட்டது ஏறத்தாழ 56 விழுக்காடு. எனவே சேகரிப்புக்கு ஐந்தில் நான்கு, சுத்திகரிப்புக்கு இருக்கும் இடங்களில் மூன்றரை, இறுதி வெளியேற்றத்துக்கு இரண்டு என்பது என் மதிப்பெண். மூன்றையும் கூட்டிச் சராசரி எடுக்க மாட்டேன்; ஆற்றுக்குப் போய்ச் சேர்வது கடைசி எண் மட்டுமே.

பல நகரங்களில் கழிவுநீர்க் கட்டணம் குடிநீர்க் கட்டணத்தோடு சேர்ந்தே வருகிறது. பயன்படுத்திய நீரின் அளவும் கட்ட வேண்டிய தொகையும் அதில் இருக்கும். அதே தாளில் இன்னும் மூன்று வரிகளுக்கு இடம் தாராளமாக உண்டு: சென்ற மாதம் நிலையத்துக்கு வந்த நீர் எவ்வளவு, சுத்திகரிக்காமல் திறந்துவிடப்பட்டது எவ்வளவு, கசடு எத்தனை டன் எங்கே போனது. இந்த எண்கள் ஒவ்வொரு நிலையத்தின் பதிவேட்டிலும் இருக்க வேண்டியவை என்பதால், அச்சிடுவதற்குப் புதிய கருவி எதுவும் தேவைப்படாது.